கெர்னல் தடுமாறினால் என்ன ஆகும்?

கணினியின் நினைவகம், வட்டு, திரை, வலைப்பின்னல் எல்லாவற்றையும் நேரடியாகக் கையாளும் அடித்தள நிரல்தான் இயங்குதளத்தின் கெர்னல். உலாவியோ பாட்டுச் செயலியோ தவறு செய்தால் கெர்னல் அதை மட்டும் நிறுத்திவிடும். மற்றவை தம்பாட்டுக்கு ஓடும். தவறு கெர்னலுக்குள்ளேயே நடந்துவிட்டால் அதைத் தட்டிக்கேட்க மேலே ஆள் இல்லை. தன் கையிலுள்ள தகவலில் எது நல்லது, எது கெட்டது என்று அதற்கே தெரியாது. அந்த நிலையில் ஓடிக்கொண்டே இருந்தால் கெட்டுப்போனதை வட்டிலும் எழுதி, சேமித்த கோப்புகளைக் குலைத்துவிடும். நின்றுவிடுவதுதான் பாதுகாப்பு.

நெய்வேலி அனல்மின் நிலையத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. கொதிகலனில் நீர்மட்டம் எல்லைக்குக் கீழே போனால் யூனிட் தானாக 'டிரிப்' ஆகும். மின்உற்பத்தி நட்டம்தான், ஆனாலும் கொதிகலன் பிழைக்கும். டிரிப் ஆனதும் பொறியாளர்கள் முதலில் தேடுவது, எந்தப் பாதுகாப்பு முதலில் இயங்கியது என்ற பதிவை. கெர்னலிடமும் இதே இரண்டைத்தான் எதிர்பார்க்க வேண்டும்: நேரத்தில் நிற்பது, நிற்குமுன் காரணத்தை எழுதிவைப்பது.

1960-களின் மல்டிக்ஸ் இயங்குதளத்தில் நிரலின் கணிசமான பகுதி பிழையிலிருந்து மீள்வதற்காகவே எழுதப்பட்டிருந்தது. யூனிக்ஸை உருவாக்கிய டென்னிஸ் ரிச்சியும் கென் தாம்சனும் அந்தச் சுமையை இறக்கிவைத்தார்கள். பெரிய தவறு நேர்ந்தால் 'பேனிக்' என்ற சிறு செயற்கூறு ஓடும்; இயந்திரம் நிற்கும்; யாராவது மறுபடி கிளப்ப வேண்டும். இந்தப் பெயரும் வழக்கமும் லினக்ஸுக்கும் வந்தன.

லினக்ஸில் இரண்டு படிகள் உண்டு. ஒரு செயலிக்காக வேலை செய்யும்போது கெர்னல் இல்லாத நினைவக முகவரியைத் தொட்டுவிட்டால் 'ஊப்ஸ்' என்ற அறிக்கை வரும். அந்தச் செயலி கொல்லப்படும், கணினி பெரும்பாலும் தட்டுத்தடுமாறி ஓடும். தொடர வழியே இல்லாதபோது வருவது பேனிக். ஊப்ஸ் வந்தாலே பேனிக் ஆகிவிடும்படியும் நிர்வாகி அமைக்கலாம். வங்கி, மருத்துவமனை சர்வர்களுக்கு அதுவே நல்லது. சந்தேகத்துக்குரிய கெர்னலை நம்பிக் கணக்கு எழுதக் கூடாது.

ஊப்ஸ் அறிக்கை முதல் பார்வைக்கு எண்களின் குப்பைபோல இருக்கும். முதல் வரி என்ன தவறு என்று சொல்லும். அடுத்து தவறு நடந்த செயற்கூறின் பெயர், அதையொட்டிக் கூட்டல் குறி, பிறகு சாய்கோடிட்ட இரு எண்கள்: தொடக்கத்திலிருந்து எத்தனை பைட் தள்ளி நடந்தது, அந்தச் செயற்கூறின் நீளம் எவ்வளவு. கீழே 'கால் டிரேஸ்', யார் யாரை அழைத்து இங்கே வந்து சேர்ந்தது என்ற வரிசை. கடைசியாக நடந்தது மேலே இருக்கும். மூலநிரல் வெளியிடப்படாத டிரைவர் (கெர்னலுக்குள் ஓடும் துணைநிரல்) ஏற்றப்பட்டிருந்தால் 'டெயின்டட்' என்ற குறியும் விழும். அப்படிப்பட்ட அறிக்கையைக் கெர்னல் எழுதுவோர் தயங்கித்தான் கையில் எடுப்பார்கள்.

சாகும் கெர்னல் தன் மரணத்தை எங்கே எழுதுவது? வட்டில் எழுதும் பகுதியே கெட்டிருக்கலாம். இதற்கு 'கேடம்ப்' ஓர் அழகான தீர்வு. கணினி கிளம்பும்போதே நினைவகத்தில் ஒரு மூலையை ஒதுக்கி, அங்கே இரண்டாவது கெர்னல் ஒன்றைத் தூங்கவைக்கிறார்கள். பேனிக் வந்ததும் அது விழித்து, இறந்த கெர்னலின் நினைவகத்தை அப்படியே கோப்பாகச் சேமித்துவிட்டு மறுதொடக்கம் செய்யும்.

வீட்டுக் கணினிக்கு இந்த வசதி பெரும்பாலும் அமைவதில்லை. தமிழக அரசு 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், சி-டாக் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் மாணவர்களைச் சென்றடைந்தது. அப்படிப்பட்ட கணினி வரைகலைத் திரையில் இருக்கும்போது பேனிக் வந்தால், அந்நாளைய லினக்ஸில் படம் உறைந்துபோகும். கேப்ஸ் லாக் விளக்கு விட்டுவிட்டு மின்னுவதே பல கணினிகளில் தெரியும் ஒரே அடையாளம். ஒரு மாணவர் அதைப் பார்த்து என்ன புரிந்துகொள்வார்? இந்தக் குறை தீர 2024 வரை ஆனது. அந்த ஆண்டு வந்த 6.10 பதிப்பு பேனிக் செய்தியை வரைகலைத் திரையிலேயே காட்டத் தொடங்கியது, 6.12 பதிப்பில் க்யூஆர் குறியீடும் சேர்ந்தது.

அதே 2024-ல்தான் விண்டோஸ் கெர்னலுக்குள் நடந்த ஒரு தவறு உலகத்துக்கே தெரிந்தது. ஜூலை 19, இந்திய நேரம் காலை 9.39-க்கு கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் தன் பாதுகாப்பு மென்பொருளுக்கு ஒரு புதிய கோப்பை அனுப்பியது. கெர்னலுக்குள் ஓடும் அதன் டிரைவரிடம் இருந்தவை 20 உள்ளீடுகள். கோப்பு 21-வதைப் படிக்கச் சொன்னது. இல்லாத இடத்தைப் படித்ததும், விண்டோஸின் பேனிக்கான நீலத்திரை விழுந்தது. மைக்ரோசாஃப்ட் மதிப்பீட்டில் பாதிக்கப்பட்டவை சுமார் 85 லட்சம் கணினிகள். இந்திய விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிய போர்டிங் பாஸ் தர வேண்டியதாயிற்று.

78 நிமிடங்களில் அந்தக் கோப்பு திரும்பப் பெறப்பட்டும் கணினிகள் எழவில்லை. விண்டோஸ் கிளம்பும்போதே ஏற்றியாக வேண்டிய டிரைவர் அது. ஆகவே கிளம்பும், விழும், மறுபடி கிளம்பும். பெரும்பாலும் ஒவ்வொரு கணினியிடமும் ஆள் போய், சேஃப் மோடில் திறந்து, அந்த ஒரு கோப்பை அழிக்க வேண்டியிருந்தது. வட்டு பூட்டப்பட்டிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவியும் வேண்டும். நிற்பதை விண்டோஸ் சரியாகவே செய்தது. எந்த டிரைவரால் விழுந்தோம் என்பதும், விழும்போது நினைவகத்தைச் சேமிக்கும் டம்ப் கோப்பில் பதிவானது. அந்தப் பதிவைப் படித்து, அடுத்த முறை அந்த டிரைவரை விட்டுவிட்டுக் கிளம்பும் வழிதான் அப்போது இல்லை. 2025-ல் மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 11-ல் சேர்த்த விரைவு மீட்பு வசதி, இப்படித் திரும்பத் திரும்ப விழும் கணினியை மீட்புச் சூழலில் இணையத்தோடு இணைத்து, திருத்தத்தைத் தானே தேடிப் பெறச் செய்கிறது.