பல்லுக் கொழுக்கட்டைக்குப் பின்னர்

யாழ்ப்பாணத்து வீடுகளிற் குழந்தைக்கு முதற்பல் முளைத்ததும் பல்லுக் கொழுக்கட்டை அவிப்பார்கள். குழந்தையை நடுவிருத்தித் தலைமேற் கொழுக்கட்டை சொரிந்து, கண்ணாடி, ஏடு, பேனை, நகை முதலியவற்றை முன்னே பரப்பி, எதனை எடுக்கிறதென்று பார்ப்பர். நம் மூத்தவன் பேனையை எடுத்தான். ஆசிரியன் மகனல்லவா என்று உற்றார் மகிழ்ந்தனர். பல்லை மட்டும் அன்றைக்குப் பிறகு எவரும் பார்க்கவில்லை.

மூன்று வயதாகுமுன் அவனுடைய மேல்வாய் முன்பற்கள் நான்கும் கறுத்து ஈறளவுக்குத் தேய்ந்துவிட்டன. இரவில் அழுதாற் சீனி கலந்த பாற்போத்தலை வாயில் வைத்து உறக்குவதே நம் வழக்கமாயிருந்தது. கீழ்ப்பற்கள் தப்பிய காரணத்தைப் பல்வைத்தியர் விளக்கினார். போத்தலைச் சூப்பும்போது நாக்குக் கீழ்ப்பற்களை மூடிக்கொள்ள, பால் மேற்பற்களைச் சுற்றித் தேங்குகிறது. உறக்கத்தில் உமிழ்நீரும் குறைவு. வாய்க்கிருமிகள் சீனியை அமிலமாக்கிப் பல்லின் மேலுறையாகிய மிளிரியைக் கரைக்கின்றன. பாற்பல்லின் மிளிரியோ மிக மெல்லியது.

“விழப்போகிற பல்தானே!” என்று நாமும் சொன்னதுண்டு. கடைவாய்ப் பாற்பற்கள் 10, 12 வயதுவரை நின்று, பின்வரும் பற்களுக்கு இடங்காக்க வேண்டியவை. அவை முந்தி விழுந்தால் அயற்பற்கள் சாய்ந்து, புதுப்பல் கோணி முளைக்க இடமுண்டு. அது கிடக்க, நோவினால் அவன் உறங்காது அழுத இரவுகளை யார் ஈடுசெய்வது?

இளையவளின் கொழுக்கட்டையன்று நாம் ஒரு சிறு பற்றூரிகையையும் பரப்பி வைத்தோம். அவள் கண்ணாடியைத்தான் எடுத்தாள்! எனினும் அன்றிரவே துலக்கத் தொடங்கினோம். புளோரைட்டுப் பற்பசை ஓர் அரிசிமணியளவு போதும். (அநுராதபுரப் பகுதிபோலக் கிணற்றுநீரிற் புளோரைட்டு மிகுந்த இடங்களில் வாழ்வோர் வைத்தியரைக் கேட்டுக்கொள்க.)

முதலாண்டு நிறைவுக்கு முன்னரே குழந்தையைப் பல்வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். பதினொரு மாதத்தில் அவளைக் கொண்டுசென்றபோது குறடு கண்டு நடுங்கும் காட்சி எதுவும் நிகழவில்லை. தாயும் வைத்தியரும் முழங்கால் முட்ட எதிரெதிரே அமர்ந்தனர்; தாய்மடியிற் கிடந்தவளின் தலையைத் தம் மடியில் தாங்கி, உதட்டை நீக்கிப் பார்த்தார் வைத்தியர். இரண்டு பற்களில் ஈறோரமாகச் சுண்ணாம்புக் கோடுபோல் வெண்மை தெரிந்தது. சூத்தையின் தொடக்கம் அதுவே. குழி விழுமுன் கண்டால் தடுத்துவிடலாம். புளோரைட்டுப் பூச்சிட்டார், இரவுப் போத்தலை நிறுத்தச் சொன்னார். நான்கு இரவுகள் வீடே விழித்திருந்தது. ஐந்தாம் இரவு தானாக உறங்கினாள்.

இப்போது அவளுக்கு ஐந்து வயது. பாற்பற்கள் இருபதும் பழுதின்றி இருக்கின்றன.