தொட்டி மண்ணில் புழுவா? மருந்தை ஊற்றாதீர்கள்!

ஞாயிற்றுக்கிழமை காலை. வாரத்தில் ஆறு நாள் மின்சார ரயிலில் நசுங்கிக்கொண்டு ஆபீஸ் போய் வருகிறவருக்கு, ஜன்னல் கம்பிக்கூட்டில் இருக்கும் கறிவேப்பிலைத் தொட்டியைக் கவனிக்க அன்றுதான் நேரம். ஊருக்குப் போனபோது கொல்லையிலிருந்து பெயர்த்து, ஈரத்துணி சுற்றிக் கொண்டுவந்த கன்று. மண்ணைக் கொஞ்சம் கிளறுகிறார். நெளிந்துகொண்டு ஒரு புழு வெளியே வருகிறது.

"ஐயோ, செடி போச்சு!" என்கிறார் மனைவி. கரப்பான் பூச்சிக்கு வாங்கி வைத்த மருந்து தொட்டியில் ஊற்றப்படுகிறது.

சயான், மாட்டுங்கா, தாராவி, செம்பூர் என்று மும்பையில் தமிழர்கள் வாழும் இடங்களில் மழைக்காலம் வந்தால் நடக்கக்கூடிய காட்சிதான். புழு செத்துவிடும். ஆனால், அடுத்த வாரம் ரசத்துக்கு இலை பறிப்பது அதே செடியில்தானே?

புழுவைக் கண்டதும் மருந்தைத் தேடுவதைவிட, அது என்ன புழு என்று பார்ப்பது முக்கியம். தொட்டியில் காணப்படும் புழுக்களில் பல, செடியைத் தொடுவதே இல்லை. சில நன்மை செய்கின்றன.

மழையில் ஏன் வருகின்றன?

சென்னையில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சுமார் 1,400 மில்லிமீட்டர். மும்பையில் ஜூலை ஒரு மாதத்தில் மட்டும் 800 மில்லிமீட்டருக்கு மேல் பெய்வது சாதாரணம். தொட்டி மண் காயவே காயாது. அடியில் உள்ள துவாரம் அடைபட்டிருந்தால் கேட்க வேண்டியதே இல்லை. மண்ணுக்குள் காற்று குறைகிறது. உள்ளே இருந்தவை மேலே வருகின்றன. அழுகலைத் தின்பவை பெருகுகின்றன.

பழைய செய்தித்தாளை விரித்து, ஒரு கைப்பிடி மண்ணை அதில் கொட்டுங்கள். வெளிச்சத்தில் பார்த்தால் பாதி விஷயம் தெரிந்துவிடும்.

நண்பன் யார்?

உடல் முழுவதும் வளையம் வளையமாக, செம்பழுப்பு நிறத்தில், வழவழப்பாக, கால் இல்லாமல் இருந்தால் அது மண்புழு. உயிருள்ள வேரை அது தின்னாது. மக்கிய இலை, சாணம் ஆகியவற்றைத் தின்று, குருணை குருணையாக எச்சம் போடும். அந்த எச்சத்தைத்தான் இங்கே நர்சரிகளில் 'காண்டூள் கத்' என்று பையில் கட்டி விற்கிறார்கள். வீட்டில் இலவசமாகக் கிடைப்பதைக் கொன்றுவிட்டு, கடையில் காசு கொடுத்து வாங்குவானேன்?

ஆனால், ஒரு சிறிய தொட்டியில் பத்து இருபது சேர்ந்துவிட்டால் எச்சமே மண்ணை இறுக்கித் தண்ணீர் வடியாமல் செய்யும். அப்போது தொட்டியை ஒரு பக்கெட் தண்ணீரில் மண் முழுகும் அளவுக்கு அரை மணி நேரம் வைத்தால் மேலே வந்துவிடும். எடுத்துக் கீழே உள்ள மரத்தடியில் விட்டுவிடலாம்.

தொட்டால் சுருண்டுகொள்ளும் மரவட்டையும் அப்படித்தான். பிள்ளைகள் 'ரயில் பூச்சி' என்று விளையாடுவார்கள். அழுகிய இலைதான் அதன் சாப்பாடு. விளக்குமாற்றால் தள்ளிவிட்டால் போதும்.

கறுப்புத் தலையைப் பாருங்கள்

நூல் போன்ற வெள்ளைப் புழுக்கள்தான் குழப்பம் தருபவை. தலையில் கறுப்புப் புள்ளி இல்லாமல் உடல் முழுதும் ஒரே வெள்ளையாக இருந்தால் பயம் இல்லை. மண் அதிக ஈரமாக இருக்கிறது என்பதற்கு அடையாளம், அவ்வளவுதான்.

கண்ணாடி போன்ற உடலும் கறுப்புத் தலையும் இருந்தால் அது வேறு. கொசு போல இருந்தும் கடிக்காத சின்னக் கறுப்புப் பூச்சிகள் தொட்டியைச் சுற்றிப் பறக்கின்றனவே, அவற்றின் குஞ்சு அது. மேல்மண்ணில் இரண்டு மூன்று அங்குல ஆழத்துக்குள் இருக்கும். பூஞ்சணத்தைத் தின்னும், அது போதாவிட்டால் இளம் வேரையும் கடிக்கும். பெரிய செடி தாங்கிக்கொள்ளும். கொத்தமல்லி நாற்றும் தக்காளி நாற்றும் தாங்காது.

சந்தேகம் இருந்தால் உருளைக்கிழங்கை வட்டமாக நறுக்கி ஒரு துண்டை மண்மேல் அழுத்தி வையுங்கள். இரண்டு மூன்று நாள் கழித்துத் திருப்பிப் பார்த்தால் அடியில் கூடியிருக்கும். துண்டோடு எடுத்து எறிந்துவிடலாம். மேல்மண் ஓர் அங்குலம் காய்ந்த பிறகே தண்ணீர் விடுங்கள். மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவிச் செடியருகே குத்தி வைத்தால் பறக்கும் பூச்சி ஒட்டிக்கொள்ளும். ஒரு தலைமுறைக்கு மூன்று நான்கு வாரம் ஆகும் என்பதால், ஒரு மாதமாவது விடாமல் செய்ய வேண்டும்.

இன்னொன்று. பால், சர்க்கரையோடு கொதித்த டீத்தூள் சக்கையை அப்படியே தொட்டியில் கொட்டும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. உரம் என்று நினைப்பு. பூஞ்சணம், எறும்பு, இந்தப் பூச்சி மூன்றுக்கும் அது விருந்து. அலசிக் காயவைத்துப் போட்டால் தொல்லை குறையும்.

உண்மையான பகைவன்

ஜூன் மாதம் முதல் மழையன்று இரவு, குழல் விளக்கில் டப் டப்பென்று மோதி விழும் பழுப்பு வண்டைப் பார்த்திருப்பீர்கள். அந்த இனத்தின் புழுதான் வேர்ப்புழு. மராத்தியில் 'ஹுமணி' என்பார்கள். கொழுத்த வெள்ளை உடல், பழுப்புத் தலை, முன்பக்கம் ஆறு கால், வளைந்து சுருண்டு கிடக்கும். வேரை அறுத்துத் தின்னும். செடி காரணமில்லாமல் வாடி, பிடித்து ஆட்டினால் தளதளவென்று ஆடினால் இதைச் சந்தேகிக்கலாம். அரைகுறையாக மக்கிய சாணத்தோடும் இது வந்து சேரும்.

இதிலும் ஒரு விதிவிலக்கு உண்டு. புழுவைச் செய்தித்தாளில் விடுங்கள். மல்லாந்து முதுகாலேயே நகர்ந்து போனால் அது மக்கியதைத் தின்னும் வேறு வண்டின் புழு. அதை விட்டுவிடலாம்.

வேர்ப்புழுதான் என்று தெரிந்தால், செடியை மண்ணோடு கவிழ்த்து எடுங்கள். கையால் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். வேர் குறைந்த அளவுக்குக் கிளையையும் வெட்டிவிட வேண்டும். பிறகு செம்மண் இரண்டு பங்கு, நன்றாக மக்கிய உரம் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு கலந்து, ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்குச் சேர்த்து நடுங்கள். கடையில் 'நீம் கலி' என்றோ, 'நிம்போளி பேண்ட்' என்றோ கேட்டால் பிண்ணாக்கைத் தருவார்கள். பழைய மண்ணை அக்டோபர் வெயிலில் பிளாஸ்டிக் தாளால் மூடிச் சில வாரம் சுடவைத்தால் மறுபடியும் பயன்படும்.

வேரில் பாசிமணி கோத்ததுபோல் முடிச்சு முடிச்சாக இருந்தால், கண்ணுக்குத் தெரியாத நூற்புழு. தக்காளி, கத்தரியில் அதிகம். அந்தச் செடியைக் காப்பாற்ற முயல்வது வீண். வேரோடு எடுத்து எறிந்துவிட்டு, அதே மண்ணில் செண்டுமல்லி வைத்தால் நூற்புழு குறையும்.

ஊர்ப் பொட்டலம் வேண்டாம்

ஊரில் வயலுக்கு வாங்கி மீந்த குருணை மருந்தைப் பொட்டலம் கட்டி மும்பைக்குக் கொண்டு வருகிறவர்கள் உண்டு. 'ஒரு சிட்டிகைதானே' என்பார்கள். ஃபோரேட் என்ற குருணையை மத்திய அரசு 2018-ல் உத்தரவிட்டு, 2020 டிசம்பர் 31 முதல் தடை செய்துவிட்டது. கொடிய விஷம். வேர் உறிஞ்ச, இலைக்கு ஏறும். சமையலும் படுக்கையும் ஒரே அறையில் நடக்கிற வீட்டில், குழந்தை கைக்கெட்டும் தொட்டியில் அதைப் போடுவது எவ்வளவு ஆபத்து! பழைய பொட்டலம் கிடந்தால் கைபடாமல், பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள்; உணவுப் பொருள் அருகே வேண்டாம். மண்ணெண்ணெய், உப்புத் தண்ணீர் ஊற்றினாலோ புழுவுக்கு முன் செடி போகும்.

மண்ணைக் கிளறிப் புழு தேடுகிறவர்கள் தொட்டிக்கு அடியில் உள்ள தட்டை மறந்துவிடுகிறார்கள். அந்தத் தண்ணீரில் துள்ளித் துள்ளி நீந்துவது கூத்தாடி. கொசுவின் புழு. டெங்கு பரப்பும் கொசு இத்தகைய சுத்தமான தேங்கிய நீரில்தான் முட்டையிடும். ஏழிலிருந்து பத்து நாளில் பறந்துவிடும். மாநகராட்சி ஊழியர்கள் வீடு தேடி வந்து பார்ப்பதும் நோட்டீஸ் கொடுப்பதும் இதற்காகத்தான். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். வாரம் ஒரு நாள், தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள். மழை நிற்கும்வரை தொட்டிக்குத் தட்டே வேண்டாம். இரண்டு செங்கல்மேல் வைத்தால் தண்ணீரும் நன்றாக வடியும்.