பின்னாடி நான் இருக்கேன்

ஆறாம் வகுப்பிலோ ஏழாம் வகுப்பிலோ ஒரு பெண் புதிதாகக் கூடைப்பந்துக்கு வந்து சேர்ந்தால், முதல் சில நாள் அவள் கையில் நான் பந்தைக் கொடுப்பதில்லை. மைதானத்தின் ஒரு மூலையில் நிற்கவைத்து, எதிர் மூலையில் நிற்பவளின் பெயரைச் சத்தமாகக் கூப்பிடச் சொல்வேன். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அந்தக் கூப்பாடு தொண்டையிலேயே நின்றுவிடும். வாயைக் கையால் மறைத்துக்கொண்டு சிரிப்பார்கள், யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிலும் பார்ப்பார்கள். பொம்பளைப் பிள்ளை சத்தம் வாசலைத் தாண்டக்கூடாது என்று கேட்டு வளர்ந்தவர்கள். பத்துப் பன்னிரண்டு வருடப் பழக்கம் ஒரு சாயங்காலத்தில் போய்விடாது.

உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை நான். பிள்ளைகளுக்கு பி.டி. மிஸ். தென்னந்தோப்பில் தேங்காய் உரிப்பவர்களின் மகள்கள், ஸ்பின்னிங் மில்லில் ஷிப்ட் வேலை பார்ப்பவர்களின் மகள்கள், சொந்தத் தோப்பு வைத்திருப்பவர்களின் மகள்கள் என்று எல்லோரும் எங்கள் மைதானத்துக்கு வருகிறார்கள். ஒருவர் தெருவில் ஒருவர் கால்வைத்துப் பழகாத வீடுகளிலிருந்தும் வருகிறார்கள். இந்தப் பிள்ளைகளை ஐந்து பேர் கொண்ட ஓர் அணியாக ஆக்குவதுதான் என் வேலை. அது நட்பாகப் பழகச் சொல்லி வருவதில்லை. உடம்புக்குச் சொல்லிக்கொடுத்து வருவது.

விளையாட்டைப் பார்த்துப் பழகாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆடுகளம் 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். அதற்குள் அணிக்கு ஐந்து பேராகப் பத்துப் பேர். பந்து கைக்கு வந்த அணி 24 விநாடிக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும். பந்து வைத்திருப்பவளை மறித்தபடி பின்னோக்கி நகரும் பெண்ணுக்குத் தன் முதுகுப் பக்கம் என்ன நடக்கிறதென்று தெரியாது. எதிரணியில் ஒருத்தி ஓசைப்படாமல் வந்து அவள் வழியில் அசையாமல் நின்றுகொள்வாள். இதை ‘ஸ்க்ரீன்’ என்போம். முறையாகச் செய்தால் விதிக்கு உட்பட்டதுதான். இவள் போய் முட்டிக்கொள்வாள், பந்து வைத்திருப்பவளுக்கு வழி திறந்துவிடும். பின்னால் நிற்கும் நம் பெண் அதைப் பார்க்கிறாள். “ஸ்க்ரீன் லெஃப்ட்!” என்று அவள் கத்தினால் முன்னால் இருப்பவள் விலகித் தப்பிக்கலாம். பார்த்தும் வாயைத் திறக்காமல் இருந்தால் பார்த்ததில் பயனே இல்லை.

இதில் எங்கள் பக்கத்துச் சிக்கல் ஒன்று உண்டு. எட்டாம் வகுப்புப் பெண் பன்னிரண்டாம் வகுப்புப் பெண்ணை ஏவ வேண்டும். “அக்கா, கொஞ்சம் இந்தப் பக்கம் வாங்களேன்” என்று அவள் மரியாதையாகச் சொல்லி முடிப்பதற்குள் எதிரணி கூடை போட்டுவிட்டுத் திரும்பி ஓடிக்கொண்டிருக்கும். அதனால் கோட்டுக்குள் அக்கா கிடையாது, பெயர்தான். கோட்டைத் தாண்டி வெளியே வந்ததும் மறுபடி அக்கா. பெரிய பிள்ளைகள் இதை உடனே ஏற்றுக்கொண்டார்கள், சின்னப் பிள்ளைகளுக்குத்தான் நாளானது.

ஒருத்தியைத் தாண்டி எதிராளி போய்விட்டால், பக்கத்தில் இருப்பவள் தன் ஆளை விட்டுவிட்டு ஓடிவந்து தடுக்க வேண்டும். அவள் விட்டுவந்த ஆளை மூன்றாமவள் பிடித்துக்கொள்ள வேண்டும். ஏமாந்துபோனவள் நின்று வருத்தப்படாமல், இப்போது யார் தனியாக நிற்கிறாளோ அவளிடம் ஓட வேண்டும். இவ்வளவும் ஓரிரு விநாடியில் நடக்க வேண்டும். முன்னால் நிற்பவள் துணிந்து நெருங்கித் தடுக்க வேண்டுமென்றால், தான் ஏமாந்தாலும் பின்னால் ஒருத்தி வருவாள் என்ற நம்பிக்கை அவளுக்கு இருக்க வேண்டும். “பின்னாடி நான் இருக்கேன்” என்று சொல்லச் சொன்னேன். அவசரத்தில் அது தேய்ந்து “இருக்கேன்!” ஆகிவிட்டது. எங்கள் அணியைத் தெரிந்தவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும்.

இந்த ஆட்டம் பெண்களிடம் வந்த கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்வேன். ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில், பீச் பழக்கூடைகளை உயரத்தில் மாட்டி இதைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே, அதே மாநிலத்தில் ஸ்மித் கல்லூரியின் உடற்கல்வி ஆசிரியை செண்டா பெரன்சன் தன் மாணவிகளுக்கு அறிமுகப்படுத்தினார். பெண்களுக்கு அதிக ஓட்டம் ஆகாது என்று கருதிய காலம் அது. எனவே அவர் வகுத்த விதிகளில் களம் மூன்றாகப் பிரிக்கப்பட்டது. அவரவர் பகுதியை விட்டு யாரும் வெளியே வரக்கூடாது, மற்றவள் கையிலிருக்கும் பந்தைப் பறிக்கவும் கூடாது. அந்தக் காலத்தில் பெண்களை ஆடவைத்ததே பெரிய காரியம் என்பதால் அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அந்தக் கோடுகள் அழிய வெகுகாலம் ஆனது. பாதிக் களத்துக்குள்ளேயே பெண்கள் நின்று ஆடும் முறை அமெரிக்காவின் அயோவா மாநிலப் பள்ளிகளில் 1993 வரை இருந்தது. ஒலிம்பிக்கில் ஆண்கள் கூடைப்பந்து 1936-ல் வந்தது, பெண்களுக்கு 1976 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முழுக் களமும் உங்களுக்குக் கிடைத்திருக்கிறது, முழுதாக ஓடுங்கள் என்று சொல்வேன்.

ஆட்டம் முடிந்ததும் பலகையில் புள்ளிகள் மட்டும் இருக்கும். பந்தைக் கூடையில் போட்டவளின் பெயரைத்தான் ஊர் பேசும். அதற்கு முந்தைய பாஸ் கொடுத்தது யார், கூடையில் விழாமல் திரும்பும் பந்துக்காக (ரீபவுண்டு) எதிராளியைத் தன் முதுகால் மறித்து இடம் பிடித்தது யார், எல்லைக் கோட்டைத் தாண்டப் போன பந்தை விழுந்து காப்பாற்றியது யார் என்பதெல்லாம் பலகையில் ஏறாது. அதனால் ஒரு நீள நோட்டு வைத்தோம். முழங்காலில் அடிபட்டு ஒரு பருவம் ஆட முடியாமல்போன ஒரு பெண் பெஞ்சில் உட்கார்ந்து இதையெல்லாம் எழுதினாள். அணியில் பன்னிரண்டு பேர் என்றால் களத்தில் ஐந்து பேர், பெஞ்சில் ஏழு பேர். பெஞ்சில் இருப்பவர்களுக்கு நேரம் போகவில்லை என்றால் அது பயிற்சியாளரின் குறை. ஆளுக்கு ஓர் எதிராளியைக் கண்காணிக்கக் கொடுத்துவிடுவேன். இடது கையால் பந்து தட்ட வராதவள் யார், களைத்துப்போனவள் யார் என்று டைம்-அவுட்டில் அவர்கள்தான் சொல்வார்கள்.

அந்த நோட்டு ஒருமுறை ஒரு பெண்ணையே காப்பாற்றியது. குறுவட்டப் போட்டியின் இறுதி ஆட்டம். கடைசி விநாடிகளில் ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம். எங்கள் அணியிலேயே உயரமான பெண்ணுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைத்தது. கூடைப்பந்தில் மற்றதெல்லாம் ஓட்டத்தோடு ஓட்டமாகப் போய்விடும், இந்த எறிதல் அப்படியில்லை. யாரும் மறிக்க மாட்டார்கள், எல்லோரும் ஒருத்தியையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். இரண்டும் வளையத்தில் பட்டு வெளியே வந்தன. ஒரு புள்ளியில் தோற்றோம். பஸ்ஸில் ஊர் வந்து சேரும்வரை அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அடுத்த நாள் பயிற்சிக்கும் வரவில்லை.

அதற்கடுத்த நாள் எங்கள் ஆட்டத்தை முன்னின்று நடத்தும் பாயிண்ட் கார்டும் நோட்டு எழுதிய பெண்ணும் அவள் வீட்டுக்கே போனார்கள். நான் அனுப்பவில்லை. நோட்டைத் திறந்து காட்டியிருக்கிறார்கள். முதல் பாதியில் மட்டும் யாரும் மறிக்காமல் கூடைக்கு அருகிலேயே கிடைத்த ஏழு லே-அப்பை நாங்கள் தவறவிட்டிருக்கிறோம், அதில் மூன்று பாயிண்ட் கார்டுடையது. “உன்னோடது கடைசியில வந்துச்சு, எங்களோடது முன்னாடியே போயிருச்சு, அவ்வளவுதான்” என்று பாயிண்ட் கார்டு சொன்னாளாம். ஆறுதல் வார்த்தைக்கு அந்தப் பெண் மசிந்திருக்க மாட்டாள். எழுதிவைத்த கணக்கு என்பதால் நம்பினாள். திங்கட்கிழமை மைதானத்தில் இருந்தாள்.

அடுத்த வருடமும் அவளுடைய ஃப்ரீ த்ரோ பாதிக்குப் பாதிதான். மாறியது வேறு. முன்பெல்லாம் தவறவிட்டால் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு நிற்பாள். அந்த மூன்று விநாடியில் எதிரணி மறுமுனைக்குப் போய்க் கூடை போட்டுவிடும், ஒரு தவறு இரண்டாகிவிடும். பிறகு தவறவிட்ட அதே நொடியில் திரும்பி ஓடக் கற்றுக்கொண்டாள். மனம் தளராதே என்று பேசுவதால் இது வருவதில்லை. கோட்டுக்குக் கோடு ஓடவைத்து, மூச்சு வாங்கும்போது எறியச் சொல்லி, தவறினால் உடனே மறுமுனைக்கு ஓடவைத்து, கால்களுக்குப் பழக்க வேண்டும். அழுகை வந்தால் அழலாம், ஓடிக்கொண்டே அழலாம். அவள் இப்போது கோவையில் ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியர். “ஷிப்ட் மாறும்போது சந்தேகமா இருக்கிறத வாய்விட்டுச் சொல்லணும் மிஸ், பெரிய டாக்டரா இருந்தாலும் சொல்லணும். எனக்கு அது கஷ்டமாவே இல்ல” என்றாள்.

எங்கள் மைதானத்துக்குக் கூரை இல்லை. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றுதான் இந்தப் பக்கம் இத்தனை காற்றாலைகளையும் சுழற்றுகிறது. உயர எறிந்த பந்தை அது அடித்துக்கொண்டு போய்விடும். அந்த மாதங்களில் நேராக வளையத்துக்கு எறியாமல் பலகையில் அடித்து உள்ளே இறக்கப் பழக்குவேன், பாஸை மார்பு உயரத்துக்கு மேல் போகவிடாமல் கொடுக்கச் சொல்வேன். உள்ளரங்கத்தில் பழகிய அணிகள் வந்து காற்றைத் திட்டும்போது எங்கள் பிள்ளைகள் பேசாமல் ஆடுவார்கள். இரண்டாம் பாதியில் இரு அணியும் கூடை மாற்றிக்கொள்ள வேண்டும், அதனால் முதல் பாதியில் எங்களை எதிர்த்த காற்று அடுத்த பாதியில் அவர்களை எதிர்க்கும். இடைவேளைவரை தாங்குவதற்கு அந்தக் கணக்கே போதும்.

உடம்பைப் பற்றிப் பேசாமல் பெண் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்க முடியாது. தேசிய குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஒரு பெண் இரண்டாவது சுற்று ஓட்டத்தில் உட்கார்ந்துவிட்டால் சோம்பேறி என்று சொல்வதற்கு முன் அவளுடைய ஹீமோகுளோபினைப் பார்க்க வேண்டும். முழங்காலுக்குள் இருக்கும் ஏ.சி.எல். என்ற தசைநார் கிழிவது ஆண்களைவிடப் பெண் வீராங்கனைகளுக்குப் பல மடங்கு அதிகம். குதித்து இறங்கும்போது முட்டிகள் உள்நோக்கி மடங்குவது அதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று. இரண்டு காலையும் ஊன்றி, முட்டியை மடக்கி, ஓசை வராமல் இறங்கப் பழக்கினால் இந்த ஆபத்து நன்றாகக் குறையும். செலவில்லாத பயிற்சி, தினமும் பத்து நிமிடம் போதும். போட்டிக்குப் போகும் இடத்தில் தண்ணீர் வரும் கழிவறை இருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரித்துவிடுவேன். அது இல்லாத இடத்தில் பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் ஆடுவார்கள். மதியத்துக்குள் கால் பிடித்துக்கொள்ளும்.

உடையும் பல வீடுகளில் தடை. ஒரு முஸ்லிம் மாணவியின் அப்பா கேட் பக்கத்திலேயே நின்று, “ஏனுங் டீச்சர், தலையை மூடிக்கிட்டு விளையாடலாமுங்களா?” என்று கேட்டார். உலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பே 2017-ல் விதியை மாற்றித் தலைத்துணியை அனுமதித்துவிட்டதைச் சொன்னேன். அவர் மகள் மூன்று வருடம் ஆடினாள். டிராக் பேண்ட் வேண்டுமென்றால் டிராக் பேண்ட். பிள்ளை களத்துக்கு வந்தால் போதும்.

சென்னையின் அனிதா பால்துரையைப் பற்றி ஒவ்வொரு வருடமும் சொல்வேன். 19 வயதில் இந்திய அணியின் கேப்டன். திருமணமாகிக் குழந்தை பெற்ற பிறகும் இந்திய அணிக்குத் திரும்பி வந்து ஆடினார். 2021-ல் பத்மஸ்ரீ. கேரளத்திலிருந்து வந்து சென்னையில் தெற்கு ரயில்வேக்கு ஆடிய கீது அன்னா ஜோஸ், 2011-ல் அமெரிக்காவின் பெண்கள் தொழில்முறை லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ. அணிகளின் தேர்வுக்குப் போனார். இந்தியாவிலிருந்து அங்கே போன முதல் பெண். ஒப்பந்தம் கிடைக்கவில்லை. திரும்பி வந்து தொடர்ந்து ஆடினார், அர்ஜுனா விருதும் பெற்றார். 2017-ல் பெங்களூரில் நடந்த ஆசியக் கோப்பையின் இரண்டாம் பிரிவு இறுதியில் நம் பெண்கள் கஜகஸ்தானை 75-73 என்று வென்றார்கள். நாற்பது நிமிட ஆட்டத்தில் இரண்டு புள்ளி வித்தியாசம். யாரோ ஒருத்தி திரும்பி ஓடிவந்து தடுத்த ஒரு பந்துக்கும் அந்த இரண்டில் பங்கு உண்டு என்று பிள்ளைகளிடம் சொல்வேன்.

எங்கள் அணியின் நல்ல பிள்ளைகளை நாங்கள் எதிரணியிடம் இழப்பதில்லை, பத்தாம் வகுப்பிடம் இழக்கிறோம். “டென்த் போறாளுங் டீச்சர், போதுமுங்க” என்று ஜூன் மாதத்தில் ஓர் அம்மா வந்து சொல்வார். சில வீடுகளில் அதற்கு முன்பே, வயதுக்கு வந்ததும் நின்றுவிடும். தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, பொறியியல் படிப்பிலும் தனி இடங்கள் உண்டு என்று எடுத்துச் சொல்வேன். ஆனால் என் பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் அந்த வழியில் போகப் போவதில்லை. அவர்கள் பனியன் கம்பெனியிலும் வங்கியிலும் வகுப்பறையிலும் பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் வாய் திறந்து பேச வேண்டியவர்கள். அதற்காகத்தான் மன்றாடுகிறேன்.

தலைமையாசிரியர்களே, பி.டி. பீரியடைக் கணக்குக்குக் கடன் கொடுக்காதீர்கள். பெற்றோர்களே, ஒரே ஒரு சனிக்கிழமை காலை வந்து உங்கள் மகள் ஆடுவதைப் பாருங்கள். பத்தாம் வகுப்பிலும் அவளை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் மைதானத்தில் விடுங்கள். மீதி நேரம் படிக்கட்டும்.