மஞ்சள் கறையும் ஒரு ரூபாய் எடையும்

பழைய சமையல் நோட்டில் "வெந்தயம் ஒரு ரூபாய் எடை" என்று இருந்தால் இன்றைக்கு எவ்வளவு வெந்தயம் போடுவீர்கள்? சட்டைப்பையில் இருக்கும் ஒரு ரூபாய் நாணயத்தைத் தராசில் வைத்துப் பாருங்கள். 2011-ல் வெளியான எவர்சில்வர் நாணயம் என்றால் 3.79 கிராம் காட்டும். நோட்டை எழுதியவர் மனதில் இருந்ததோ வெள்ளி ரூபாய். அதன் எடை ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். இன்றைய நாணயத்தை நம்பி நிறுத்தால், பொடிக்குப் போக வேண்டிய வெந்தயத்தில் மூன்றில் ஒரு பங்குதான் போய்ச் சேரும். பாட்டியின் கைப்பக்குவம் நமக்கு வரவில்லையே என்று வருத்தப்படும் பல வீடுகளில் நடந்திருப்பது இதுதான்: பக்குவம் கெடவில்லை, எடைக்கல் மாறிவிட்டது.

குடும்பச் சமையல் நோட்டுகளைக் காப்பாற்றுவது ஒரு தொழில்நுட்பம். காகிதத்தின் வேதியியல் தெரிய வேண்டும், மையின் குணம் தெரிய வேண்டும், வழக்கொழிந்த படியும் பலமும் தெரிய வேண்டும். தாம்பரத்தைச் சுற்றியுள்ள புறநகர்களுக்கு இது மிகவும் தேவை என்று நினைக்கிறேன். கடற்கரை – தாம்பரம் மின்ரயில் 1931-ல் ஓடத் தொடங்கியது. 1937-ல் சென்னைக் கிறித்துவக் கல்லூரி இங்கே இடம்பெயர்ந்தது. ரயில்வே, விமானப்படை, சானடோரியம், பிறகு ஏற்றுமதி மண்டலம் என்று வேலை தேடி வந்தவர்கள் குரோம்பேட்டை, சேலையூர், முடிச்சூர், மேடவாக்கம் வரை பரவினார்கள். ஒரே தெருவில் திருநெல்வேலிச் சொதியும் நாகர்கோவில் தீயலும் கும்பகோணம் கடப்பாவும் கொதிக்கிற பகுதி இது. அந்தந்த வீட்டுப் பெண்கள் ஊரிலிருந்து மனதிலோ நோட்டிலோ கொண்டுவந்த குறிப்புகள் இங்கே அடுக்களை அலமாரிகளில் கிடக்கின்றன. நூலகத்துக்குப் போனால் தூவி பகுப்பு முறைப்படி 641.5 என்ற எண்ணில் அச்சிட்ட சமையல் புத்தகங்கள் கிடைக்கும். பக்கத்து வீட்டு நோட்டு எந்த எண்ணிலும் கிடைக்காது.

அரண்மனைச் சமையலுக்கு இந்தக் கதி நேரவில்லை. தஞ்சை இரண்டாம் சரபோஜி மன்னரின் காலத்து மடைப்பள்ளிக் குறிப்புகள் சரசுவதி மகால் நூலகத்தில் சுவடிகளாகத் தங்கி, "சரபேந்திர பாக சாஸ்திரம்" என்று அச்சேறின. நடுத்தர வீட்டுச் சமையல் புத்தகமானதற்குப் பெரிய சான்று எஸ். மீனாட்சி அம்மாளின் "சமைத்துப் பார்". 1951-ல் முதல் பாகம் வந்தது. உறவினர்கள் குறிப்புக் கேட்டுக்கொண்டே இருந்ததாலும், கே. வி. கிருஷ்ணசாமி ஐயர் ஊக்கப்படுத்தியதாலும் எழுந்த நூல் அது. கல்யாணமாகிப் போகும் பெண்ணுக்குச் சீர்வரிசையோடு வைத்துக் கொடுக்கும் புத்தகமாகி, கடல் கடந்தும் போயிற்று. உறவுக்காரர்களுக்குள் சுற்றிய சமையல் அறிவு அச்சுக்கு வந்தால் எத்தனை ஆயிரம் அடுப்புகளைச் சென்றடையும் என்பதை அந்த ஒரு நூல் காட்டிவிட்டது.

அந்த ஆண்டைக் கொஞ்சம் கவனியுங்கள். நூல் வந்த ஐந்தாம் வருடம், 1956-ல், எடை அளவுச் சட்டம் இயற்றப்பட்டது. 1958 அக்டோபரில் கிலோகிராம் கடைத்தெருவுக்கு வரத் தொடங்கியது. 1960-களின் தொடக்கத்துக்குள் பலமும் வீசையும் தராசுத் தட்டிலிருந்து இறங்கிவிட்டன. ஆகவே 1950-களில் கல்யாணமான ஒருவரின் நோட்டில் இரண்டு காலத்து அளவுகளும் கலந்தே இருக்கும். முதல் பக்கங்களில் பலம், பின் பக்கங்களில் கிராம். எது எந்த வருடம் எழுதியது என்று கண்டுபிடிக்கவே இது உதவும்.

எடைக் கணக்கு ஓரளவு தெளிவானது. மூன்று தோலா ஒரு பலம், சுமார் 35 கிராம். எட்டுப் பலம் ஒரு சேர், 280 கிராம். ஐந்து சேர் ஒரு வீசை, 1.4 கிலோ. முகத்தலளவைக்கு வந்தால்தான் சிக்கல். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி என்ற வாய்பாடு பெரியவர்களுக்குப் பாடம். ஆனால் படி ஊருக்கு ஊர் மாறும். பரவலாகச் சொல்லப்படும் வாய்பாட்டின்படி ஆழாக்கு 168 மில்லி. சென்னைப் பட்டணத்துப் படியை எட்டாக வகுத்தால் அதே ஆழாக்கு 200 மில்லியைத் தாண்டும். அடைக்கு ஓர் ஆழாக்கு அரிசியும் ஓர் ஆழாக்குப் பருப்பும் என்றால் பாதகமில்லை, விகிதம்தான் முக்கியம். அதோடு "உப்பு இரண்டு தேக்கரண்டி" என்று வரும்போதுதான் வம்பு. ஒரு பக்கம் வளர்ந்து மறுபக்கம் வளராமல் நின்றால் ருசி மாறிவிடும்.

இத்தனை சட்டதிட்டம் மாறியும் மாறாமல் நின்றவை காய்கனி அளவுகள். நெல்லிக்காய் அளவு புளி, எலுமிச்சம்பழ அளவு புளி, சுண்டைக்காய் அளவு பெருங்காயம், கொட்டைப்பாக்கு அளவு வெல்லம். இவற்றைக் கண்திட்டம் என்று சிலர் ஒதுக்குகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. புளி ஒரே சீரான பொருள் அல்ல. புதுப் புளியின் புளிப்பு வேறு, ஒரு வருடம் வைத்துக் கறுத்த பழம்புளியின் புளிப்பு வேறு. கொட்டையும் நாரும் வேறு இருக்கும். கிராம் கணக்கில் துல்லியமாக நிறுத்தாலும் குழம்பின் புளிப்பு துல்லியமாக வராது. அப்படிப்பட்ட பொருளுக்குக் கண்ணால் பார்த்துக் கையால் உருட்டும் அளவே பொருத்தம்.

இனி காகிதம். எங்கள் வீட்டில் நீளவாக்குக் கோடுபோட்ட கணக்கு நோட்டு ஒன்று இருக்கிறது. ரசப்பொடிப் பக்கத்தில் "மிளகாய் 12" என்பதை அடித்துவிட்டு வேறு மையில் 8 என்று எழுதியிருக்கிறது. வலது ஓரத்தில் எண்ணெய் பட்டு, பின்பக்கத்து எழுத்து இந்தப் பக்கம் தெரிகிறது. கீழே கட்டைவிரல் அகலத்துக்கு மஞ்சள். அதன் மேல், புளிக்கரைசல் தெறித்த இடமாக இருக்க வேண்டும், காகிதம் பழுப்பேறி மொறமொறவென்று உடைகிறது. ஒரு பக்கத்தில் மூன்று வேதிவினைகள்.

எண்ணெய் பட்ட இடம் கண்ணாடிபோல் ஆவது ஏன்? காகிதம் என்பது செல்லுலோஸ் இழைகளும் அவற்றுக்கிடையே காற்றும். இழைக்கும் காற்றுக்கும் ஒளிவிலகல் எண் வெகுவாக வேறுபடுவதால் ஒளி சிதறி, தாள் வெள்ளையாக, ஒளிபுகாததாகத் தெரிகிறது. எண்ணெயின் ஒளிவிலகல் எண் சுமார் 1.47, செல்லுலோஸின் எண்ணுக்கு மிக அருகில். இடுக்கிலிருந்த காற்றை எண்ணெய் நிரப்பிவிட்டால் ஒளி சிதறாமல் ஊடுருவிப் போகிறது. நாளாக ஆக எண்ணெய் காற்றோடு வினைபுரிந்து பழுப்பாகி, அமிலத்தையும் வெளியிடும். நிறைவுறாக் கொழுப்பு மிகுந்த நல்லெண்ணெயில் இது வேகமாக நடக்கும். தேங்காய் எண்ணெயில் 90 சதவீத அளவுக்கு நிறைவுற்ற கொழுப்பு என்பதால் மெல்ல நடக்கும்.

புளிக்கறை இதைவிடக் கொடியது. புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம். மரக்கூழ்த் தாளில் ஏற்கெனவே அமிலம் உண்டு. மை ஊறிப் பரவாமலிருக்க ஆலையில் சேர்த்த படிகாரமே அதற்கு ஒரு காரணம். அமிலம் செல்லுலோஸின் நீண்ட சங்கிலியை அங்கங்கே வெட்டுகிறது. வெப்பமும் ஈரப்பதமும் அந்த வெட்டை விரைவுபடுத்தும். சென்னையில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. அடுக்களையில் கேட்கவே வேண்டாம்.

மஞ்சளுக்கு வருவோம். அமிலம் ஏறிய தாளுக்கு வழக்கமான வைத்தியம், கால்சியம் ஹைட்ராக்சைடு போன்ற காரக் கரைசலில் நனைத்து அமிலத்தை நீக்குவது. அதாவது, சுண்ணாம்புத் தெளிவுநீர். மஞ்சள் பட்ட பக்கத்தை அதில் இட்டால் என்ன ஆகும்? ஆரத்தித் தட்டில் ஆகிறதுதான் ஆகும். மஞ்சளிலுள்ள குர்குமின் காரம் பட்டதும் சிவந்துவிடும். இந்தக் குணத்தால்தான் ஆய்வகங்களில் காரத்தைக் கண்டறிய மஞ்சள் தடவிய தாளைப் பயன்படுத்தினார்கள். எனவே சமையல் நோட்டை மராமத்துப் பார்ப்பவர் முதலில் ஒரு மூலையில் ஒரு சொட்டு வைத்துச் சோதிப்பார். மையும் கரைகிறதா என்று அப்போதே பார்ப்பார். ஊற்றுப் பேனா மை தண்ணீர் பட்டால் ஓடும், பந்துமுனைப் பேனா மை பெரும்பாலும் நிற்கும். கிழிசலை ஒட்ட மெல்லிய ஜப்பானியத் தாளும் கோதுமை மாவின் ஸ்டார்ச்சில் காய்ச்சிய பசையும் போதும். வேண்டும்போது ஈரம் காட்டி எடுத்துவிடலாம் என்பதே அதன் சிறப்பு. நம் ஊர் பைண்டர்கள் மைதாப் பசையில் மயில்துத்தம் கலப்பது பூச்சி வராமலிருக்க. செல்லோடேப்பும் லேமினேஷனும் செய்கிற கெடுதல் திருத்த முடியாதது. அன்போடு நோட்டை லேமினேட் செய்து வைத்திருக்கும் வீடுகளைப் பார்க்கும்போது மனம் பதைக்கிறது.

கறையைப் போக்க வேண்டுமா என்பது வேறு கேள்வி. வேண்டாம் என்பது என் கட்சி. கறை மிகுந்த பக்கமே அடிக்கடி சமைத்த பக்கம். மைசூர்பாகுப் பக்கம் பளிச்சென்று இருந்தால் அது ஆசைக்கு எழுதி வைத்தது. அடித்த 12-ம் எழுதிய 8-ம் அந்த வீட்டில் குழந்தை பிறந்ததையோ யாருக்கோ அல்சர் வந்ததையோ சொல்லக்கூடும். எனவே நகலெடுக்கும்போது வண்ணத்தில், அட்டையும் ஓரமும் சேர எடுக்க வேண்டும். குர்குமின் வெளிச்சத்தில் வெளுத்துவிடும் என்பதால் மூலத்தை இருட்டில் வைப்பதே நல்லது.

2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. நனைந்த காகிதத்தில் இரண்டு மூன்று நாளில் பூஞ்சை பிடிக்கும். அதற்குள் உலர்த்த முடியாவிட்டால் நோட்டைப் பாலித்தீன் உறையில் இட்டுப் ஃபிரீசரில் வைத்துவிடலாம். பனிக்கட்டியானால் பூஞ்சை வளராது, மை மேலும் பரவாது. பிறகு ஆற அமர எடுத்து, இடையிடையே வெற்றுத்தாள் வைத்து நிழலில் மின்விசிறிக் காற்றில் உலர்த்தலாம். வெயிலில் காயவைத்தால் தாள் முறுக்கிக்கொள்ளும்.

இவற்றையெல்லாம் முறையாகச் செய்யும் இடம் தென்சென்னையிலேயே இருக்கிறது. தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியாரின் சேகரிப்பைக் கொண்டு சிகாகோ பல்கலைக்கழகத்தின் துணையோடு 1994-ல் உருவானது. செட்டியார் நூல்களோடு கல்யாணப் பத்திரிகையையும் துண்டு நோட்டீஸையும் எடுத்து வைத்தவர். மற்றவர்கள் குப்பை என்று கழித்த காகிதத்தில்தான் பிற்காலம் சரித்திரத்தைப் படிக்கிறது. அங்கே நடந்த மைக்ரோஃபிலிம் பணியைப் பற்றித் தெரிந்தபோதுதான் சமையல் நோட்டுக்கும் அந்தத் தகுதி உண்டு என்று எனக்கு உறைத்தது. நல்ல குளிர்ச்சியில் வைத்தால் மைக்ரோஃபிலிம் 500 ஆண்டு வரை தாங்கும் என்பது கணிப்பு.

அக்கம்பக்கத்து வீட்டு நோட்டுகளைச் சேகரிக்க ஒரு கிளை நூலகத்துக்கு அவ்வளவு வசதி வேண்டியதில்லை. மூலத்தை வீட்டாரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு வண்ண நகலை வைத்துக்கொண்டால் போதும். வாங்கும்போது நாலு விவரம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்: எந்த ஊர்ச் சமையல், எந்த வருடத்தை ஒட்டி எழுதியது, விறகடுப்பா கேஸா, கல்சட்டியா குக்கரா. கல்சட்டி அடுப்பிலிருந்து இறக்கிய பிறகும் வெகுநேரம் கொதிக்கும். அந்த நோட்டில் "கொதித்ததும் இறக்கவும்" என்றிருந்தால் மெல்லிய எவர்சில்வர் பாத்திரத்தில் சமைப்பவர் இன்னும் ஐந்து நிமிடம் வைத்திருக்க வேண்டியிருக்கும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது அந்த வீட்டு அளவுப் பாத்திரத்தை அளப்பது. நோட்டில் "டம்ளர்" என்றிருந்தால் அந்த டம்ளர் இன்னும் பரணில் இருக்கும். அதைத் தராசில் வைத்து எடையைப் பூஜ்யமாக்கி, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு கிராம் தண்ணீர் ஒரு மில்லி. 180 காட்டினால் அந்த வீட்டின் டம்ளர் 180 மில்லி. பிறகு வீட்டில் மூத்தவரிடம் அரிசியைக் கொடுத்து அளந்து காட்டச் சொல்லுங்கள். தலைதட்டி அளக்கிறாரா, கோபுரமாக அளக்கிறாரா என்று பார்த்து, அந்த அரிசியையும் நிறுத்து, இரண்டு எண்களையும் நோட்டின் முதல் பக்கத்தில் பென்சிலால் எழுதி வையுங்கள்.