பழைய விளையாட்டு மகிழுந்துகளில் பேட்டரி இடமாற்றம்

பேட்டரி இடமாற்றம் என்பது ஒரு மகிழுந்தின் மின்கல அடுக்கை, அதாவது பேட்டரியை, தயாரிப்பாளர் பொருத்திய இடத்திலிருந்து அகற்றி அதே வண்டியின் வேறொரு பகுதியில் நிலையாகப் பொருத்தும் மாற்றம் ஆகும். 1950கள் முதல் 1970கள் வரை தயாரிக்கப்பட்ட விளையாட்டு மகிழுந்துகளில் இம்மாற்றம் பரவலாகச் செய்யப்படுகின்றது. எஞ்சின் அறையில் உள்ள பேட்டரியை இருக்கைகளின் பின்புறத்திற்கோ, டிக்கி எனப்படும் பின்புறப் பொருளறைக்கோ கொண்டு செல்வதே இதன் வழக்கமான வடிவம். பார்வைக்கு இது எளிய வேலையாகத் தோன்றினாலும், நீண்ட தடித்த மின்கம்பி ஒன்று வண்டியின் ஊடாகச் செல்வதால், முறையாகச் செய்யப்படாவிடின் தீ விபத்துக்குக் காரணமாகலாம்.

காரணங்கள்

பேட்டரியை இடம் மாற்றுவதற்குப் பின்வரும் காரணங்கள் கூறப்படுகின்றன.

- எடைப் பகிர்வு: ஈய-அமிலப் பேட்டரி ஒன்று பொதுவாக 12 முதல் 20 கிலோகிராம் வரை எடை கொண்டது. வண்டியில் எளிதாக இடம் மாற்றக்கூடிய பாகங்களுள் மிகவும் கனமானவற்றில் இதுவும் ஒன்று.
- இடவசதி: முன்பிருந்ததைவிடப் பெரிய எஞ்சினைப் பொருத்தும்போது பேட்டரி இருந்த இடம் தேவைப்படலாம்.
- வெப்பம்: எஞ்சினின் வெப்பம் பேட்டரியின் ஆயுளைக் குறைக்கின்றது.
- துரு: பேட்டரியிலிருந்து கசியும் கந்தக அமிலம் அதன் தாங்கு தட்டையும் அருகிலுள்ள உடற்கூட்டுத் தகட்டையும் அரிக்கின்றது.
- பராமரிப்பு: சில வண்டிகளில் பேட்டரி எளிதில் எட்டாத இடத்தில் அமைந்துள்ளது.

எடைப் பகிர்வில் ஏற்படும் மாற்றம்

பேட்டரியைப் பின்னோக்கி நகர்த்துவதால் முன்னச்சின் மீதான சுமை எவ்வளவு குறையும் என்பதை நெம்புகோல் தத்துவத்தின் மூலம் கணக்கிடலாம். பேட்டரியின் எடையை அது நகர்த்தப்பட்ட தொலைவால் பெருக்கி, முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையிலான தொலைவால் வகுத்தால் விடை கிடைக்கும்.

எடுத்துக்காட்டாக, 1000 கிலோகிராம் எடையுள்ள ஒரு வண்டியில் 550 கிலோகிராம் முன்னச்சின் மீதும் 450 கிலோகிராம் பின்னச்சின் மீதும் இருப்பதாகக் கொள்வோம். அச்சுகளுக்கு இடையிலான தொலைவு 2.4 மீட்டர். 15 கிலோகிராம் பேட்டரியை 3 மீட்டர் பின்னோக்கி நகர்த்தினால், 15 × 3 ÷ 2.4 = 18.75 கிலோகிராம் சுமை முன்னச்சிலிருந்து பின்னச்சுக்கு மாறும். முன்னச்சின் பங்கு 55 விழுக்காட்டிலிருந்து ஏறத்தாழ 53.1 விழுக்காடாகக் குறையும். பேட்டரியின் எடையைவிட அதிகமான சுமை மாறுவதற்குக் காரணம், அது முன்னச்சுக்கு முன்னால் இருந்து பின்னச்சுக்குப் பின்னால் செல்வதே ஆகும்.

எனினும் இப்பயனுக்கு எல்லை உண்டு. கனமான பொருட்கள் வண்டியின் நடுவிலிருந்து விலகி இருக்குமளவுக்கு, வளைவில் வண்டியைத் திருப்பத் தொடங்குவதும், திரும்பிய வண்டியை நிறுத்துவதும் கடினமாகும். இயற்பியலில் இப்பண்பு நிலைமத் திருப்புத்திறன் எனப்படும். ஆகவே டிக்கியின் கடைக்கோடியைவிட, இருக்கைகளுக்குச் சற்றுப் பின்னால் அமைந்த இடமே ஓட்டும் தன்மைக்கு உகந்தது.

தயாரிப்பாளர்களின் அமைப்புகள்

பேட்டரியை எஞ்சினிலிருந்து விலக்கி வைப்பது வண்டி உரிமையாளர்கள் கண்டுபிடித்த முறை அன்று. தயாரிப்பாளர்களே இதனைப் பல வகைகளில் கையாண்டுள்ளனர்.

எம்ஜிபி

இங்கிலாந்தின் ஆபிங்டன் நகரில் 1962 முதல் 1980 வரை 5 இலட்சத்துக்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் தயாரிக்கப்பட்ட எம்ஜிபி மகிழுந்தில், தொடக்கத்தில் 6 வோல்ட்டு பேட்டரிகள் இரண்டு தொடராக இணைக்கப்பட்டு 12 வோல்ட்டு பெறப்பட்டது. இவை இருக்கைகளுக்குப் பின்னால், உந்து தண்டின் இருபுறமும், தரைக்குக் கீழே தொங்கும் இரும்புத் தொட்டில்களில் வைக்கப்பட்டிருந்தன. எடைப் பகிர்வுக்கு இது நல்ல இடமாகும். ஆனால் பேட்டரியைப் பார்வையிட வேண்டுமாயின் தரைவிரிப்பை உயர்த்தி மூடியைக் கழற்ற வேண்டும். சாலையிலிருந்து தெறிக்கும் நீராலும் அமிலக் கசிவாலும் தொட்டில்கள் துருப்பிடித்தன. 1974 இன் இறுதியில் இவ்விரண்டுக்கும் பதிலாக ஒரே 12 வோல்ட்டு பேட்டரி பொருத்தப்பட்டது.

பழைய எம்ஜிபி வண்டிகளில் இருவகை மாற்றங்கள் செய்யப்படுகின்றன. முதலாவது, இரண்டு தொட்டில்களுள் ஒன்றில் சிறிய 12 வோல்ட்டு பேட்டரியைப் பொருத்துவது. இரண்டாவது, பேட்டரியை டிக்கிக்குக் கொண்டு செல்வது. இரண்டாவது முறையால் பராமரிப்பு எளிதாகும். ஆனால் பேட்டரி முன்னரே பின்னச்சுக்கு அருகில் இருந்ததால் எடைப் பகிர்வில் பெரும் பயன் இல்லை. மேலும் எம்ஜிபியின் எரிபொருள் தொட்டி டிக்கியின் தரைத்தகட்டுக்கு நேர்கீழே பொருத்தப்பட்டுள்ளது. பேட்டரிப் பெட்டியைப் பொருத்துவதற்காகத் தரையில் கவனமின்றித் துளையிட்டால் துளையிடும் கருவி நேராகப் பெட்ரோல் தொட்டியில் இறங்கக்கூடும்.

போர்ஷே 911

எஞ்சின் பின்புறத்தில் அமைந்த போர்ஷே 911 மகிழுந்தில் சிக்கல் நேர்மாறானது. பின்பாரம் மிகுந்திருந்ததால் வேகமான வளைவுகளில் பின்சக்கரங்கள் பிடிப்பிழந்து வெளிப்புறமாகச் சறுக்கும் தன்மை தொடக்ககால வண்டிகளில் காணப்பட்டது. 1969 ஆம் ஆண்டு வடிவத்தில் அச்சுகளுக்கு இடையிலான தொலைவு 57 மில்லிமீட்டர் கூட்டப்பட்டது. அத்துடன் முன்புறத்தில் இருந்த ஒரு பேட்டரிக்குப் பதிலாக, முன்சக்கரங்களுக்கு முன்னால் இருபுறமும் ஒவ்வொன்றாக இரண்டு 12 வோல்ட்டு பேட்டரிகள் பக்க இணைப்பில் பொருத்தப்பட்டன. எம்ஜிபியில் இரண்டு பேட்டரிகள் மின்னழுத்தத்திற்காக இருந்தன. போர்ஷேயில் அவை எடைக்காகவும் இருந்தன. 1973 ஆம் ஆண்டு வடிவம் வரை இவ்வமைப்பு தொடர்ந்தது. 1974 வடிவத்தில் மீண்டும் ஒற்றைப் பேட்டரி இடம்பெற்றது.

பிற வண்டிகள்

1959 இல் வெளியான மினி மகிழுந்தில் சிறிய எஞ்சின் அறையில் இடமின்மையால் பேட்டரி டிக்கியில் வைக்கப்பட்டது. 1968 முதல் 1982 வரையிலான மூன்றாம் தலைமுறை செவ்ரொலே கோர்வெட்டில் பேட்டரி இருக்கைக்குப் பின்னுள்ள மூடிய அறையில் இருந்தது. 1989 இல் வெளியான மாசுடா எம்எக்சு-5 வண்டியில் டிக்கியில் பேட்டரியும், அதன் வாயுவை வெளியேற்றக் குழாய்களும் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டன.

மின்கம்பியின் தடிப்பு

பேட்டரி விலகிச் செல்லச் செல்ல, அதனைத் தொடக்கி மின்னோடியுடன் (ஸ்டார்ட்டர்) இணைக்கும் கம்பியின் நீளம் கூடுகின்றது. எஞ்சினைத் தொடக்கும்போது ஏறத்தாழ 200 ஆம்பியர் மின்னோட்டம் பாயக்கூடும். இவ்வளவு பெரிய மின்னோட்டத்தில் கம்பியின் மிகச்சிறிய மின்தடையும் கருத்தில் கொள்ளப்பட வேண்டியதாகும். 4 மீட்டர் நீளமுள்ள செப்புக் கம்பியில் 200 ஆம்பியர் பாயும்போது ஏற்படும் மின்னழுத்த இழப்பு வருமாறு:

- 16 சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டு: ஏறத்தாழ 0.86 வோல்ட்டு
- 25 சதுர மில்லிமீட்டர்: ஏறத்தாழ 0.55 வோல்ட்டு
- 35 சதுர மில்லிமீட்டர்: ஏறத்தாழ 0.39 வோல்ட்டு
- 50 சதுர மில்லிமீட்டர்: ஏறத்தாழ 0.28 வோல்ட்டு

தொடக்க நேரத்தில் பேட்டரியின் மின்னழுத்தமே 10 வோல்ட்டு அளவுக்கு இறங்குவதால், மெல்லிய கம்பியைப் பயன்படுத்தினால் குளிர்காலக் காலைகளில் எஞ்சின் தொடங்காமல் போகலாம். தடித்த கம்பியோ எடையைக் கூட்டுகின்றது. 50 சதுர மில்லிமீட்டர் கம்பியின் 4 மீட்டர் நீளத்தில் ஏறத்தாழ 1.8 கிலோகிராம் செம்பு உள்ளது.

எதிர்முனை இணைப்பு

மகிழுந்துகளில் மின்னோட்டம் திரும்பிவரும் பாதையாக வண்டியின் உலோக உடற்கூடே பயன்படுகின்றது. பேட்டரியின் ஒரு முனை உடற்கூட்டுடன் இணைக்கப்படும். 1960களின் நடுப்பகுதி வரை பல பிரித்தானிய வண்டிகளில் நேர்முனையும், பின்னர் எதிர்முனையும் இவ்வாறு இணைக்கப்பட்டன. எம்ஜிபியில் 1967 இல் இம்மாற்றம் நிகழ்ந்தது. ஆகவே பழைய வண்டியில் கைவைக்கும் முன்னர் எந்த முனை உடற்கூட்டுடன் இணைந்துள்ளது என்பதை அறிவது இன்றியமையாதது.

புதிய இடத்தில் வண்ணப்பூச்சும் துருவும் நீக்கப்பட்ட உலோகப் பரப்பிலேயே இம்முனை இணைக்கப்பட வேண்டும். எஞ்சின் இரப்பர் தாங்கிகளின் மீது அமர்ந்திருப்பதால், எஞ்சினையும் உடற்கூட்டையும் இணைக்கும் தடித்த பட்டையும் நல்ல நிலையில் இருக்க வேண்டும். இப்பட்டை அறுந்திருந்தால், தொடக்கி மின்னோட்டம் வேறு உலோகப் பாதைகளைத் தேடி, முடுக்கி மிதியின் கம்பி வடம் போன்ற மெல்லிய பாகங்கள் வழியாகப் பாய்ந்து அவற்றைச் சூடேற்றி உருக்கிவிடலாம். கண்ணாடியிழையாலான உடற்கூடு கொண்ட வண்டிகளில் உடற்கூடு மின்னைக் கடத்தாது. எனவே அடிச்சட்டத்துடன் தனிக்கம்பி வழியாக இணைக்க வேண்டும்.

பாதுகாப்பு

குறுக்குச்சுற்று

பழைய வண்டிகளில் பேட்டரியிலிருந்து தொடக்கிக்குச் செல்லும் முதன்மைக் கம்பியில் பெரும்பாலும் மின்னுருகி (ஃபியூசு) இருப்பதில்லை. கம்பி குட்டையாக இருந்தபோது இதன் ஆபத்து குறைவாக இருந்தது. பல மீட்டர் நீளக் கம்பி தகட்டுத் துளைகளின் ஊடாகவும், இருக்கைகளின் கீழாகவும் செல்லும்போது, அதிர்வினால் அதன் மேலுறை தேய்ந்து உலோகத்தைத் தொட வாய்ப்புண்டு. அந்நிலையில் 1000 ஆம்பியருக்கும் மேற்பட்ட மின்னோட்டம் பாயக்கூடும். 10 வோல்ட்டில் இது 10 கிலோவாட்டு வெப்பத்திற்குச் சமம். கம்பி சில நொடிகளில் செஞ்சூடாகித் தரைவிரிப்பைப் பற்றவைத்துவிடும். சாவியை அணைப்பதால் இதனை நிறுத்த இயலாது. ஏனெனில் இக்கம்பி சாவிக்கு முன்னதாகவே அமைந்துள்ளது.

இதனைத் தவிர்க்கக் கம்பி செல்லும் ஒவ்வொரு துளையிலும் இரப்பர் வளையம் பொருத்தப்பட வேண்டும். நகரும் பாகங்கள், புகைபோக்கிக் குழாய், எரிபொருள் குழாய் ஆகியவற்றிலிருந்து கம்பி விலகியிருக்க வேண்டும். தொடக்க மின்னோட்டத்தைத் தாங்கக்கூடிய பெரிய மின்னுருகியைப் பேட்டரியின் அருகிலேயே அமைப்பது சிறந்தது. கம்பியின் மறுமுனையில் வைக்கப்படும் மின்னுருகி இடைப்பட்ட கம்பியைக் காக்காது.

வாயு வெளியேற்றம்

மின்னேற்றத்தின்போது ஈய-அமிலப் பேட்டரி ஐதரசன், ஆக்சிசன் வாயுக்களை வெளியிடுகின்றது. காற்றில் 4 முதல் 75 விழுக்காடு வரை ஐதரசன் கலந்திருந்தால் ஒரு சிறு பொறியும் வெடிப்பை ஏற்படுத்தும். எஞ்சின் அறையில் இவ்வாயு எளிதில் கலைந்துவிடும். மூடிய டிக்கியில் தேங்கும். ஆகவே பயணிகள் பகுதியிலோ டிக்கியிலோ வைக்கப்படும் பேட்டரி மூடிய பெட்டிக்குள் இருக்க வேண்டும்; பெட்டியிலிருந்து வண்டிக்கு வெளியே குழாய் செல்ல வேண்டும். அமிலம் கண்ணாடியிழைப் பாயில் உறிஞ்சப்பட்டிருக்கும் ஏஜிஎம் வகைப் பேட்டரி சாய்ந்தாலும் சிந்துவதில்லை. இயல்பு நிலையில் மிகக் குறைவான வாயுவையே வெளிவிடுகின்றது. ஆயினும் மிகை மின்னேற்றத்தில் அதன் பாதுகாப்பு வால்வு திறந்து வாயு வெளியேறும் என்பதால் அதற்கும் குழாய் தேவை.

பிடிமானம்

மோதலின்போது புவியீர்ப்பு முடுக்கத்தின் 20 மடங்கு வேகத்தளர்ச்சி ஏற்பட்டால், 15 கிலோகிராம் பேட்டரி 300 கிலோகிராம் எடைக்கு ஒப்பான விசையுடன் முன்னோக்கிப் பாயும். இருக்கைக்குப் பின்னால் நெகிழிப் பட்டையால் மட்டும் கட்டப்பட்ட பேட்டரி, ஓட்டுநரின் முதுகை நோக்கிய எறிபொருளாகிவிடும்.

பந்தய விதிகள்

பன்னாட்டுத் தானுந்துக் கூட்டமைப்பின் விதிகளில், பேட்டரி தன் மூல இடத்திலிருந்து மாற்றப்பட்டால் உலோக அமர்வும் மின்காப்புப் பூசிய இரண்டு உலோகப் பிடிகளும் கொண்டு அது பொருத்தப்பட வேண்டும் எனக் கூறப்பட்டுள்ளது. பிடிகளுக்குக் குறைந்தது 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள மரையாணிகளும், ஒவ்வொன்றின் கீழும் குறைந்தது 3 மில்லிமீட்டர் தடிப்புள்ள தாங்கு தகடும் தேவை. அனைத்து மின்சுற்றுகளையும் துண்டித்து எஞ்சினையும் நிறுத்தும் பொதுத் துண்டிப்பு விசை ஒன்று, வண்டியின் உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் இயக்கக்கூடியதாக இருக்க வேண்டும். வெண்ணிற விளிம்புடைய நீல முக்கோணத்தினுள் சிவப்பு மின்னல் குறி இதன் அடையாளமாகும்.

பேட்டரியை மட்டும் துண்டிக்கும் எளிய விசை போதுமானதன்று. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கையில் மின்னாக்கி (ஆல்ட்டர்னேட்டர்) தானே மின்சாரம் வழங்கி எஞ்சினைத் தொடர்ந்து இயங்கச் செய்யும். ஆகவே பேட்டரியுடன் எரிபற்று மின்சுற்றையும் ஒருங்கே துண்டிக்கும் விசை பயன்படுத்தப்படுகின்றது.

மூலநிலை குறித்த கருத்துகள்

பழைய வண்டிகளை அவற்றின் மூலநிலையிலேயே காக்க விரும்புவோர் பேட்டரி இடமாற்றத்தை விரும்புவதில்லை. பன்னாட்டுப் பழைய ஊர்திகள் கூட்டமைப்பு 2012 இல் ஏற்றுக்கொண்ட டுரின் சாசனம், மாற்றங்கள் இயன்றவரை மீளப்பெறக்கூடியனவாக இருக்க வேண்டும் என்றும், அகற்றப்பட்ட முக்கிய மூலப் பாகங்கள் வண்டியுடன் பாதுகாக்கப்பட வேண்டும் என்றும் பரிந்துரைக்கின்றது. இதன்படி, புதிய துளைகளைத் தவிர்த்து முன்னரே உள்ள துளைகளைப் பயன்படுத்துவதும், பழைய தாங்கு தட்டை வெட்டி எறியாமல் வைத்திருப்பதும், மாற்றிய மின்சுற்றின் வரைபடத்தை வண்டியின் ஆவணங்களுடன் சேர்ப்பதும் நல்ல வழக்கங்களாகும். இவ்வரைபடம் பிற்காலத்தில் வண்டியை வாங்குபவருக்கும், விபத்தின்போது மின்சாரத்தைத் துண்டிக்க முயலும் மீட்புப் பணியாளருக்கும் உதவும். மூடியைத் திறந்தவுடன் பேட்டரி இருக்குமென எதிர்பார்க்கும் இடத்தில் அது இல்லாத வண்டியில், அது எங்குள்ளது எனக் காட்டும் சிறு அடையாள வில்லை ஒன்றும் பாதுகாப்பின் பகுதியே ஆகும்.