கடற்கரை நகரும் இளையோர் நாடகமும்

செல்வம் மிக்க கடற்கரை நகரொன்றில் வாழும் இளையோரின் காதலையும் பிரிவையும் நாடகமாக்கிக் காட்டுதல் இக்காலத் தொலைக்காட்சிக்கே உரிய வழக்கென்று கருதுவாருளர். அமெரிக்க நாட்டில் 2003 முதல் 2007 வரை ஒளிபரப்பாகிய ‘தி ஓ.சி.’ என்னும் தொடர் அவ்வகைக்குத் தக்க சான்று. கலிபோர்னியாவின் நியூபோர்ட் பீச் நகரைக் களனாகக் கொண்ட அத்தொடர் 92 பகுதிகளையுடையது. இவ்வகை நாடகத்தின் கூறுகளைத் தமிழில் தேடுவார்க்குச் சிலப்பதிகாரத்தின் புகார்க்காண்டம் முன்வந்து நிற்கும். அதனை ஈண்டுச் சுருங்க விளக்குவாம்.

முதற்கண் மாந்தரின் அகவையை நோக்குவாம். மணநாளில் கண்ணகிக்கு 12, கோவலனுக்கு 16. மாதவியோ ஐந்தாம் அகவையில் தொடங்கி ஏழாண்டு ஆடல் பயின்று, பன்னிரண்டாம் அகவையில் அரங்கேறியவள். மூவர் அகவையையும் அடிகள் எண்ணிட்டே கூறுகின்றார். எனினும், 1964-இல் வெளிவந்த ‘பூம்புகார்’ திரைப்படத்தில் முதிர்ந்த நடிகர்களைக் கண்டு பழகிய நம் கண்ணுக்கு இவ்விளமை புலப்படுவதில்லை. நம் ஆராய்ச்சிகளுள்ளும் பல கண்ணகியைத் தெய்வமாகவே தொடக்கமுதல் நோக்கி, அவள் சிறுமியாய் மனைபுகுந்தவள் என்பதை மறந்துவிடுகின்றன.

அடுத்து, செல்வம். கண்ணகியின் தந்தை மாநாய்கன் பெயர் கடல்வாணிகத்தையும், கோவலனின் தந்தை மாசாத்துவான் பெயர் நிலவழிச் சாத்தினையும் சுட்டுவன. ஆகவே இத்திருமணம் புகாரின் இருவகைச் செல்வமும் ஒன்று கூடிய திருமணம் எனலாம். கோவலனின் தாய் மணமக்களைத் தனிமனையில் வேறாக வைக்கின்றாள். இல்லறம் பயிலுதற்கு அமைந்த அத்தனிமை, மூத்தோர் கண்காணிப்பினின்று விடுபட்ட தனிமையுமாயிற்று. 1008 கழஞ்சு பொன் விலையிட்ட மாலையைக் கோவலன் வாங்கி மாதவிமனை புகுந்தபோது, அவன் செலவிட்டது முன்னோர் தேடிய பொருளே. நியூபோர்ட் நாடகத்தும் இளையோர் துய்ப்பது பெற்றோர் பொருளே. மரிசா என்னும் பெண்ணின் தந்தை பிறர் பணத்தைக் கையாடியமை வெளிப்பட்டவுடன் அவள் வாழ்வு குலைகின்றது.

மூன்றாவது, விழா. நியூபோர்ட் தொடரில் பூசல்கள் பெரும்பாலும் விருந்துகளிலேயே வெடிக்கின்றன. புகாரில் இந்திரவிழாவின் முடிவில், கடலாடச் சென்றவிடத்துப் பிரிவு நேர்கின்றது. கோவலன் யாழிசைத்துப் பாடிய பாட்டில் வேறொருத்தியின் நினைவு உண்டெனக் கருதி, மாதவி தானும் வேறு குறிப்புடையாள்போற் பாடுகின்றாள். அவன் அதனை மெய்யெனக் கொண்டு நீங்குகின்றான். இருவரும் நேரே ஒரு சொல் வினவியிருப்பின் பிரிவு நேர்ந்திராது. இதனை ஊழ் என்று மட்டும் கூறியமைதல் போதாது. ஊழ் வந்து உருத்ததென்று அடிகளே கூறுவது உண்மைதான். ஆயின் அவ்வூழ் செயற்படுதற்கு வாயிலாக அவர் அமைத்தது இளையோரின் ஊடலும் ஐயமுமே. மணநாளுக்கும் இந்நாளுக்கும் இடையே ஆண்டுகள் சில கழிந்தன, மணிமேகலையும் பிறந்துவிட்டாள். எனினும் அவ்வூடலின் இயல்பு இளமைக்கே உரியது.

இனி, வேற்றுமை யாது? தொலைக்காட்சித் தொடர் நெடிது செல்லவேண்டுதலின், இளையோரைக் கடற்கரையிலும் அதன் செல்வத்திலும் மீண்டும் மீண்டும் கொணர்ந்து நிறுத்தும். இளங்கோவடிகளோ பத்துக் காதைகளில் அந்நகரைக் கடந்துவிடுகின்றார். பொருளிழந்து நாணிய கோவலன், சிலம்பை முதலாகக் கொண்டு வாணிகம் செய்ய விரும்பி, கண்ணகியோடு விடியுமுன் மதுரை நோக்கிப் புறப்படுகின்றான். தந்தை பொருளால் வாழ்ந்தவன் தன் முயற்சியால் வாழ எண்ணிய முதல் நாள் அது. அம்முயற்சியே அவன் உயிரைக் கொண்டது என்பதில்தான் காப்பியத்தின் துயரம் ஆழம் பெறுகின்றது.

நெய்தற்கு உரிப்பொருள் இரங்கல் என்பது தொல்லோர் கொள்கை. மாடமும் மரக்கலமும் நிறைந்த பட்டினத்தைப் பாடும்போதும் அவ்விரங்கலை அடிகள் விட்டிலர். ஆகவே புகார்க்காண்டத்தைக் கற்போர், நகர்ச்சிறப்பைத் தனியே பொறுக்கி எடுத்து வியப்பதோடு நில்லாது, அச்சிறப்பினிடையே வழிகாட்டுவாரின்றி நின்ற இளையோர் மூவரையும் உடன்வைத்துக் காணல் வேண்டும். அவ்வாறு காணுமிடத்துக் கண்ணகி தெய்வமாவதற்கு முன் பட்ட துன்பத்தின் அளவு நமக்குத் தெளிவாகும்.