ரெண்டுக்கு ஒண்ணு: மரப்படகுக்கு எபாக்ஸி பூசுவது எப்படி?

ரெண்டு பிளைவுட் ஷீட், ஒரு சுருள் செம்புக் கம்பி, சில கிலோ எபாக்ஸி. இவ்வளவு இருந்தா வீட்டிலேயே 8 அடி படகு ஒண்ணு கட்டலாம்னு சொன்னா நம்புவீங்களா? போன மே மாத லீவில் கடலூரில் எங்க வீட்டு கார் ஷெட்டில் நானும் என் ரூம்மேட்டும் கட்டினோம். படகு மிதக்கிறது. ஆனால் நடுவில் ரெண்டு பெரிய தப்பு பண்ணினோம். ஒண்ணு படகைக் கெடுத்தது, அதைச் சரி பண்ணிட்டோம். இன்னொண்ணு அவன் கையைக் கெடுத்தது. அதைச் சரி பண்ண முடியலை. நீங்க படகு கட்டப் போவதில்லை என்றாலும் லேபில், ப்ராஜெக்ட்டில் எபாக்ஸியைத் தொடத்தான் போறீங்க. அதனால் கடைசி வரை படிச்சிடுங்க.

தைத்து ஒட்டும் படகு

பலகைகளை வெட்டி, ஓரத்தில் ஓட்டை போட்டு, கம்பியால் தைத்து, உள்பக்க மூலைகளில் எபாக்ஸி பசையும் கண்ணாடி இழை நாடாவும் வைத்து ஒட்டுவதுதான் இந்த முறை. 1960-களில் பிரிட்டனில் ஜாக் ஹோல்ட், பேரி பக்னெல் இருவரும் வடிவமைத்த மிரர் டிங்கி இப்படித்தான் பிரபலம் ஆனது. தச்சு வேலை தெரியாதவர்கள்கூட வீட்டில் கட்டினார்கள். படகைத் தைப்பது நமக்குப் புதுசு இல்லை. சோழமண்டலக் கரையில் அலையைத் தாண்டிப் போன மசூலா படகுகள் ஆணி இல்லாமல் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்தவைதான். அங்கே தையல்தான் கடைசி வரை பலம். இங்கே எபாக்ஸி இறுகும் வரைக்கும்தான் கம்பிக்கு வேலை.

மரத்துக்கு எதிரி தண்ணீர் மட்டும் இல்லை, அது உள்ளே போய் வெளியே வருவதும்தான். ஈரம் ஏறினால் மரம் உப்பும், காய்ந்தால் சுருங்கும், மேலே உள்ள பெயின்ட் வெடிக்கும். ஈரம் உள்ளேயே தங்கினால் பூஞ்சை வந்து மரம் உளுத்துப் போகும். எல்லாப் பக்கமும் எபாக்ஸி பூசினால் இந்தப் போக்குவரத்து ரொம்பவே குறையும். அதனால்தான் வெளிப்பக்கம் மட்டும் பூசினால் போதாது. உள்பக்கம், சீட்டுக்கு அடி, ஒவ்வொரு ஓட்டை, எல்லாத்துக்கும் பூசணும்.

எவ்வளவு வேணும்? ஒரு 8×4 ஷீட் சுமார் 3 சதுர மீட்டர். ரெண்டு ஷீட், ரெண்டு பக்கம் என்றால் 12. வெட்டிக் கழித்தது போக 9 என்று வைத்துக்கொள்வோம். ஒரு கோட் 100 மைக்ரான் தடிமன் என்றால் சதுர மீட்டருக்கு 100 மில்லி, அதாவது சுமார் 110 கிராம். ஒரு கோட்டுக்கு ஒரு கிலோ, மூணு கோட்டுக்கு 3 கிலோ. மரம் குடிப்பது, ரோலர் குடிப்பது, மூலைப் பசை எல்லாம் தனி. பிளைவுட் ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் கிரேடாகப் பார்த்து வாங்குங்க.

முதல் தப்பு: கொஞ்சம் கூட ஊத்தினோம்

எங்க தெருவில் ஒரு அண்ணன் ஃபைபர் படகு ரிப்பேர் பண்றவர். முதல் கோட் மெதுவாகக் காய்வதைப் பார்த்துட்டு, "என்ன தம்பி, ஹார்டனரைக் கொஞ்சம் கூட ஊத்து, சட்டுனு புடிச்சிரும்" என்றார். அனுபவஸ்தர் சொல்றாரே என்று அடுத்த கலவையில் கூடவே ஊத்தினோம். மூணு நாள் கழித்தும் அடிப்பக்கம் பலாப்பழப் பால் மாதிரி கையில் ஒட்டியது. முழுக்கச் சுரண்டி எடுக்க நாலு நாள் ஆச்சு.

அண்ணன் மேல் தப்பே இல்லை. அவர் பயன்படுத்துவது பாலியெஸ்டர் ரெசின். அதில் ஊற்றும் கேட்டலிஸ்ட் தீக்குச்சி மாதிரி, வினையைப் பற்றவைப்பதுதான் அதன் வேலை. சொன்ன வரம்புக்குள் கூட்டிக் குறைத்து வேகத்தை மாற்றலாம். எபாக்ஸியில் ஹார்டனர் தீக்குச்சி இல்லை, அதுவே பாதி விறகு. ஹார்டனரில் உள்ள அமீனின் ஒவ்வொரு ஹைட்ரஜனும் ரெசினில் உள்ள ஒரு எபாக்சைடு வளையத்தோடு சேரணும். கல்யாணப் பந்தியில் 100 இலை போட்டு 130 பேரைக் கூப்பிட்டால் 30 பேர் நின்னுட்டே இருப்பாங்க இல்லையா? அந்த 30 பேர்தான் எங்க படகில் ஒட்டிக்கொண்டிருந்த பிசுபிசுப்பு. வேகம் வேணும்னா வேக ஹார்டனரை வாங்கணும், அளவை மாற்றக் கூடாது.

இன்னொரு கண்ணி: எங்க ரெசினுக்கு 2:1 என்பது கனஅளவில். ஹார்டனரின் அடர்த்தி குறைவு என்பதால் எடையில் அது 100:50 இல்லை, 100:44. தராசு வைத்துக் கலந்தால் எடைக்கான எண்ணை பாட்டிலில் தேடுங்க. கலந்த பிறகு ரெண்டு நிமிஷம் கப்பின் ஓரம், அடி எல்லாம் வழித்துக் கலக்குங்க. ஓரத்தில் கலக்காமல் நிற்பது எப்பவுமே காயாது.

கப்பில் வைக்காதீங்க

எபாக்ஸி இறுகும்போது வெப்பத்தை வெளியிடும். வெப்பம் வினையை வேகப்படுத்தும், வேகம் இன்னும் வெப்பத்தைத் தரும். கப்பில் மொத்தமாக இருந்தால் சூடு வெளியேற வழி இல்லை. எங்க 300 கிராம் கப் ஒண்ணு ஷெட்டில் புகைந்தே போச்சு. கலந்ததும் அகலமான தட்டில் ஊற்றிடுங்க. 10 டிகிரி கூடினால் வேலை நேரம் ஏறக்குறைய பாதியாகும். நம்ம ஊர் மே மாதத்தில் மெதுவான ஹார்டனர்தான் சரி, ஒரு தடவைக்கு 150 கிராம் போதும்.

பூசும் வரிசை

1. மரம் நல்லா காய்ந்திருக்கணும், ஈரப்பதம் 12 சதவீதத்துக்குள். பூசும் பரப்பில் தூசி, எண்ணெய் கூடாது.

2. சாயங்காலம் பூசுங்க. காலையில் பூசினால் வெயில் ஏற ஏற மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து, பூச்சு முழுக்கக் குமிழி வரும். மரம் குளிரும் நேரத்தில் பூசினால் அது ரெசினை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

3. பிளைவுட்டின் வெட்டு ஓரத்துக்கு முதலில் பூசுங்க. தண்ணீர் அதிகம் நுழைவது அங்கேதான். குடிக்கக் குடிக்கக் கொடுத்துட்டே இருங்க.

4. மெல்லிய ஃபோம் ரோலரால் மெல்லிசாக உருட்டி, பிரஷ் நுனியால் லேசாகத் தடவிக் குமிழியை உடையுங்க. தடியாகப் பூசினால் வழியும்.

5. விரல் வைத்தால் தடம் விழணும், ஆனால் கிளவுஸில் ஒட்டி வரக் கூடாது. அந்தப் பதத்தில் அடுத்த கோட் போட்டால் ரெண்டும் வேதியியலாகவே பிணையும், சாண்டிங் தேவையில்லை.

6. அந்த நேரத்தைத் தவறவிட்டுட்டீங்களா? காயட்டும். ஆனால் உடனே உப்புத்தாளை எடுக்காதீங்க. ஈரக்காற்றில் அமீன், கார்பன் டை ஆக்சைடு, ஈரம் மூணும் சேர்ந்து மேலே மெழுகு மாதிரி ஒரு படலம் வரும். கடலோர ஊரில் ரொம்பவே வரும். அது தண்ணீரில் கரையும். முதலில் தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரும் வைத்துக் கழுவி, துடைத்து, பிறகு சாண்டிங். கழுவாமல் தேய்த்தால் அந்த மெழுகைக் கீறலுக்குள் அழுத்திவிடுவோம், அடுத்த கோட் உரிந்து வரும்.

7. மூணு கோட் முடிந்ததும் ஒரு வாரம் விடுங்க. பிறகு பெயின்ட், இல்லைன்னா புறஊதாக் கதிரைத் தடுக்கும் வார்னிஷ். கண்ணாடி மாதிரி பளபளக்குதேன்னு எபாக்ஸியை அப்படியே வெயிலில் விட்டால் மஞ்சளாகி, சுண்ணாம்பு மாதிரி உதிரும்.

ரெண்டாவது தப்பு

இதைத்தான் முதலில் எழுதியிருக்கணும். வெயிலில் வியர்க்கிறது என்று என் நண்பன் ரெண்டே நாளில் கிளவுஸைக் கழற்றிட்டான். கையில் பட்டதைத் தின்னர் போட்டுத் துடைத்தான். எபாக்ஸி உடனே எரியாது, வலிக்காது. அதுதான் ஆபத்தே. உடம்பு அமைதியாகக் கணக்கு வைத்துக்கொள்ளும். ரெண்டாவது வாரம் விரல் இடுக்கில் கொப்புளம், அப்புறம் முழங்கை வரை தடிப்பு. தோல் டாக்டர் தெளிவாகச் சொல்லிட்டார்: இது சாதாரண எரிச்சல் இல்லை, அலர்ஜி. ஒரு தடவை வந்துட்டால் பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க இருக்கும், அடுத்த முறை துளி பட்டாலும் திரும்ப வரும்.

அவன் ரெண்டு வருஷமாகத் தயாரானது காற்றாலை இறக்கை தயாரிக்கும் வேலைக்கு. பெரும்பாலான இறக்கைகள் எபாக்ஸியும் கண்ணாடி இழையும் சேர்ந்ததுதான். இப்போ உற்பத்திப் பிரிவுக்கு விண்ணப்பிக்காமல் டிசைன் சாஃப்ட்வேர் கத்துக்கிட்டு இருக்கான். "பரவாயில்லடா" என்கிறான். எனக்கு அது பரவாயில்லை என்று தோணலை. அவன் கிளவுஸைக் கழற்றும்போது பக்கத்தில் நின்று சிரித்தது நான்தான்.

அதனால்: நைட்ரைல் கிளவுஸ் ஒரு பெட்டியாகவே வாங்குங்க. வியர்த்தால் மாற்றுங்க, கழற்றாதீங்க. முழுக்கை சட்டை போடுங்க. தோலில் பட்டால் தின்னர், அசிட்டோன் வேண்டாம், அது ரெசினைக் கரைத்துத் தோலுக்குள் கொண்டுபோகும். சோப்பும் தண்ணீரும் போதும். முழுசாக இறுகாத எபாக்ஸியைத் தேய்த்து வரும் தூசியும் அதே அலர்ஜியைத் தரும், மாஸ்க் இல்லாமல் சாண்டிங் கூடாது. ஷெட் கதவு திறந்தே இருக்கட்டும்.

ஜூன் கடைசியில் படகை ஏரியில் இறக்கினோம். சொட்டுத் தண்ணி உள்ளே வரலை. முதலில் ஏறினது அவன்தான். முழுசாகக் காய்ந்து, மேலே பெயின்ட்டும் அடிச்ச எபாக்ஸி தோலை ஒண்ணும் பண்ணாது என்று டாக்டரிடமும் கேட்டுவிட்டுத்தான் ஏற்றினேன்.

லேபில் யாராவது வெறுங்கையோடு ரெசின் கலக்குவதைப் பார்த்தால் ஒரு ஜோடி கிளவுஸ் எடுத்து நீட்டுங்க. சிரிச்சுட்டு நிற்காதீங்க.